மருமகள் தரும் கோஜி பானமும் வார்பரின் மாத்திரையும்

மலேசியாவின் கிள்ளான் பகுதியிலிருந்து 57 வயதுப் பெண்மணி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். சிறு வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்தைப் பாதித்ததால், பத்து ஆண்டுகளுக்கு முன் இவருக்கு இடப்பக்க ஈரிதழ் வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு பொருத்தினார்கள். அன்று முதல் ரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் சாப்பிடுகிறார். மகன் சீனப் பெண்ணைக் காதலித்து மணந்திருக்கிறார். மாமியாருக்குக் கண் மங்குகிறது என்று தெரிந்ததும், மருமகள் தன் பாட்டி செய்தபடியே கோஜி பழத்தையும் சிவப்புப் பேரீச்சை எனப்படும் சீன இலந்தைப் பழத்தையும் வெந்நீரில் ஊறவைத்து, தினமும் காலையில் ஒரு பிளாஸ்க் நிறையத் தருகிறார். தீபாவளி கழிந்த நாளிலிருந்து இவர் அதைக் குடித்துவருகிறார். டிசம்பரில் பல் ஈறில் ரத்தம் கசிந்தது, தொடையில் காரணமில்லாமல் நீலம் பாய்ந்தது. பரிசோதித்தபோது, ரத்தம் எவ்வளவு தாமதமாக உறைகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர் அளவு 5.4. இரண்டு நாள் மாத்திரையை நிறுத்திவைத்து, பிறகு 4 மில்லிகிராமை 3 ஆகக் குறைத்தார்கள். ஜனவரியில் 2.9. சீனப் புத்தாண்டுக்கு மருமகள் பினாங்கில் தாய்வீட்டில் இரண்டு வாரம் தங்கினார், பானம் நின்றது. அதை அடுத்த பரிசோதனையில் 1.7. “மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லையா?” என்று மருத்துவமனையில் கடிந்துகொண்டதும் இவர் அழுதுவிட்டார். பானத்தைப் பற்றி அங்கே ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால், இந்தத் திருமணத்தை இன்றும் ஏற்காத உறவினர்கள் “அந்தப் பெண் எதையோ கொடுத்துவிட்டாள்” என்று பேசுவார்களே என்ற பயம். கொழுந்தனார் சொன்ன யோசனையையும் கேட்டிருக்கிறார்: “மூலிகையே ரத்தத்தை இளக்குகிறது என்றால், மாத்திரை எதற்கு?”

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் மனத்தை உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் மாத்திரையைத் தவறவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. தேதி போட்டு நீங்கள் எழுதியிருக்கும் எண்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் காரணம் பிடிபடுகிறது. பானம் தொடங்கியது, அளவு ஏறியது. ஏறியது ஏன் என்று தெரியாத மருத்துவர் மாத்திரையைக் குறைத்தார். குறைந்த மாத்திரையும் பானமும் சேர்ந்து 2.9 என்ற நல்ல எண்ணைக் காட்டின. எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள். பிறகு பானம் நின்றது. குறைத்த மாத்திரை மட்டும் மிஞ்சியது, 1.7 வந்தது. உங்களுடையதைப் போன்ற வால்வுக்கு வழக்கமாக 2.5 முதல் 3.5 வரை வேண்டும். மருத்துவரிடம் கோபம் வேண்டாம். அவர் கண்ணுக்குத் தெரியாத ஒன்றை அவர் துரத்திக்கொண்டிருந்தார்.

இந்த 1.7 எனக்கு 5.4 அளவுக்கே கவலை தருகிறது. அளவு ஏறினால் ரத்தம் கசிந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். இறங்கினால் ஓர் அறிகுறியும் இருக்காது. உலோக வால்வின் ஓரத்தில் ரத்தக்கட்டி மெல்லத் தங்கலாம், அது பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். இடப்பக்க ஈரிதழ் வால்வின் இடத்தில் ரத்த ஓட்டம் மெதுவாக இருப்பதால், அங்கே கட்டி பிடிக்கும் வாய்ப்பு மற்ற இடத்தைவிட அதிகம்.

கோஜி என்னதான் செய்கிறது?

சீனக் கடைகளில் கெய்சி என்று கேட்டு வாங்கும் அந்தச் சிவந்த உலர்பழம், கத்தரி, தக்காளி, மிளகாய்க் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு முள் புதரில் காய்ப்பது. ஆள் உயரமோ அதற்கு மேலோ வளரும். கிளைகள் வளைந்து தொங்கும், பூ ஊதா. வட சீனாவில் மஞ்சள் ஆற்றங்கரையில் உள்ள நிங்சியா, அதிலும் ஜோங்நிங் வட்டாரம், இதற்குப் பெயர்போனது. கனிந்த பழம் விரல் அழுத்தினாலே கன்றிப்போகும் என்பதால் கையால் பக்குவமாகப் பறித்து உலர்த்துகிறார்கள். சீன மருத்துவத்தில் இது கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் ஊட்டம் தந்து கண்ணைத் தெளிவாக்கும் பொருள். செவ்வந்திப் பூவோடு சேர்த்துக் கண்ணுக்காகக் குடிப்பதும் வழக்கம். உங்கள் மருமகள் எதையோ கண்டபடி கலக்கித் தரவில்லை. தன் வீட்டில் தலைமுறையாகச் செய்ததைத்தான் உங்களுக்கும் செய்திருக்கிறார்.

“சீனர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சாப்பிடுகிறார்களே, கெடுதல் என்றால் தெரியாதா?” என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஷென்நோங் பெயரில் வழங்கும் சீனரின் பழைய மூலிகை நூல், நெடுநாள் சாப்பிடத்தக்க மேல்தர மூலிகைகளின் வரிசையிலேயே இதை வைத்திருக்கிறது. ஆனால் அந்த நூலை எழுதியவர்களின் முன் வார்பரின் சாப்பிடும் நோயாளி ஒருவர்கூட உட்கார்ந்ததில்லை. மனிதர்களுக்கு வார்பரின் கொடுப்பதற்கு அனுமதி கிடைத்ததே 1954-ல்தான். உலோக வால்வு அதற்கும் பிந்தியது. ஆயிரம் ஆண்டு அனுபவம் சொல்வது, இந்தப் பழம் தனியாக என்ன செய்யும் என்பதை. வார்பரினோடு சேர்ந்தால் என்ன நடக்கும் என்பது நம் காலத்துக் கேள்வி.

அதற்கான பதிலின் தொடக்கம் 2001-ல் அமெரிக்க மருந்தியல் இதழ் ஒன்றில் வந்தது. 61 வயதுச் சீனப் பெண்மணி. வார்பரின் சாப்பிட்டு ஐ.என்.ஆர் 2-க்கும் 3-க்கும் இடையில் நிலையாக இருந்தவர். கோஜியைக் கெட்டியாகக் காய்ச்சி ஒரு நாளைக்கு மூன்று நான்கு கோப்பை வீதம் நான்கு நாள் குடித்ததும் அளவு 4.1 ஆனது. பானத்தை விட்டதும், ஒரு வாரத்தில் 2.4-க்குத் திரும்பியது. 2012-ல் வெளியான இன்னொரு குறிப்பில், 71 வயதுப் பெண்மணிக்கு கோஜி ஜூஸ் குடித்த பின் மூக்கிலும் ஆசனவாயிலும் ரத்தம் வந்தது. ஐ.என்.ஆர் அளக்க முடியாத அளவுக்கு ஏறியிருந்தது. வார்பரினின் வேலையை முறிக்கும் வைட்டமின் கே கொடுத்துக் காப்பாற்றினார்கள். இவையெல்லாம் தனித்தனி நோயாளிகளின் குறிப்புகள், நூற்றுக்கணக்கானவர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் அல்ல. வார்பரினைச் சிதைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதியின் வேலையைப் பழத்தின் சாறு கொஞ்சம் மந்தமாக்குவது ஆய்வகத்தில் தெரிந்தது. ஆனால் அது லேசான விளைவுதான், முழுக் காரணமும் அதுவே என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் உங்கள் சொந்த உடம்பே குடித்தபோது ஏறியும் நிறுத்தியபோது இறங்கியும் காட்டியிருக்கிறது. உங்கள் விஷயத்தில் முடிவெடுக்க எனக்கு இது போதும்.

அளவையும் பாருங்கள். சீன அரசின் மருந்து நூல் ஒரு நாளைக்குச் சொல்வது 6 முதல் 12 கிராம் உலர்பழம். நீங்கள் எழுதியிருப்பது “ஒரு கைப்பிடி நிறைய”. நாள் முழுதும் ஊறிய நீரையும் குடித்து, அடியில் உப்பிக் கிடக்கும் பழத்தையும் கரண்டியால் எடுத்துச் சாப்பிடுகிறீர்கள். சீன மருத்துவர் எழுதித்தரும் அளவையே இது தாண்டிவிடும்.

“இரண்டு மணி நேரம் தள்ளிக் குடித்தால்?”

பலன் இல்லை. சில மருந்துகள் வயிற்றில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அவற்றுக்கு இடைவெளி உதவும். இங்கே சிக்கல் வயிற்றில் இல்லை. வார்பரின் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் 40 மணி நேரம் ஆகிறது. அது தடுக்கும் உறைகாரணிகள், அதாவது ரத்தத்தை உறையவைக்கும் புரதங்கள், குறைவதற்கும் திரும்ப ஊறுவதற்கும் நாட்கள் எடுக்கும். நேற்றைய பானம் இன்றைய மாத்திரையையும் நாளைய மாத்திரையையும் சந்திக்கும்.

“பானத்தையே வைத்துக்கொண்டு மாத்திரையைக் குறைத்தால்?”

ஜனவரியில் நீங்கள் அறியாமல் செய்தது இதைத்தான். மாத்திரையில் 3 மில்லிகிராம் என்றால் தினமும் 3 மில்லிகிராம். பிளாஸ்கில் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? ஒரு பாக்கெட் பழம் போல் அடுத்த பாக்கெட் இருக்காது. ஒரு நாள் வெந்நீர், ஒரு நாள் அடுப்பில் கொதிக்கவைத்த கஷாயம். காய்ச்சல் வந்தால் குடிக்க மாட்டீர்கள், மருமகள் ஊருக்குப் போனால் கிடைக்காது. தினமும் ஒரே அளவு கீரை சாப்பிடுகிறவருக்கு மாத்திரையைச் சரிக்கட்டிவிடலாம், அதை நாங்கள் செய்கிறோம். கோஜியை அப்படிச் சரிக்கட்டப் பார்ப்பது உங்கள் வால்வுக்கு ஆபத்தான சோதனை. சில உடம்புகளில் அது நடக்கவும் கூடும். உங்களிடம் அதைச் செய்துபார்க்க எனக்கு மனம் வராது.

கொழுந்தனாரின் யோசனை

சகோதரி, இதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். ஒரு மூலிகை வார்பரினின் வேகத்தைக் கூட்டுகிறது என்றால், வார்பரின் இல்லாமலே அது அந்த வேலையைச் செய்யும் என்று பொருளில்லை. மாத்திரை இல்லாவிட்டால் கூட்டுவதற்கு எதுவும் இல்லை. உலோக வால்வை கோஜி காப்பாற்றும் என்பதற்கு ஓர் ஆதாரமும் கிடையாது. வார்பரினை நிறுத்தியவர்களுக்கு வால்வு அடைத்துக்கொண்டு மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டிவந்திருக்கிறது.

அவர் “இங்கிலீஷ் மருந்து விஷம், செடி இயற்கை” என்றும் சொல்லியிருக்கிறார். வார்பரினின் பிறப்பும் ஒரு செடியில்தான் என்று அவரிடம் சொல்லுங்கள். 1920-களில் வட அமெரிக்காவில், பூஞ்சை பிடித்த இனிப்புத் தீவனச்செடி ஒன்றைத் தின்ற மாடுகள் சிறு காயத்திலும் ரத்தம் நிற்காமல் செத்தன. 1940 வாக்கில் விஸ்கான்சினில் கார்ல் லிங்க் என்பவரின் ஆய்வகம் அந்தச் செடியில் இருந்த பொருளைப் பிரித்தெடுத்தது. அதன் வழியில் வந்ததே வார்பரின். 1948-ல் எலி மருந்தாக விற்றது என்பதும் உண்மை. அளவு அறிந்து, அளந்து கொடுக்கக் கற்ற பிறகு அதே பொருள் லட்சக்கணக்கான இதயங்களைக் காக்கிறது. செடியா மாத்திரையா என்பதைவிட, எவ்வளவு உள்ளே போகிறது என்று நமக்குத் தெரிகிறதா என்பதே என் கேள்வி.

ரத்தப் பரிசோதனை தேவைப்படாத புதிய மாத்திரைகள் இருப்பதாக அண்டை வீட்டார் சொன்னதையும் எழுதியிருக்கிறீர்கள். இருக்கின்றன, பலருக்கு நல்லவை. உங்களுக்கு இல்லை. உலோக வால்வு உள்ளவர்களுக்கு அவற்றில் ஒன்றான டாபிகட்ரானைக் கொடுத்துப் பார்த்த ஆய்வைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. வார்பரின் சாப்பிட்டவர்களைவிட, அதைச் சாப்பிட்டவர்களுக்கு ரத்தக்கட்டியும் கூடியது, ரத்தக்கசிவும் கூடியது. 2013-ல் முடிவு வெளியானது. இன்றைக்கும் உங்கள் வால்வுக்கு வார்பரின்தான்.

கண் மங்கலை மறந்துவிட்டோம்

இந்தப் பானம் வீட்டுக்குள் வந்ததே கண்ணுக்காக. பத்திரிகை எழுத்து கலங்கலாகத் தெரிகிறது, இரவில் எதிர்வரும் கார் விளக்கைச் சுற்றி வட்டம் தெரிகிறது என்கிறீர்கள். இந்த வயதில் இது பெரும்பாலும் கண்புரையாக இருக்கும். பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன், கண்ணழுத்த நோயும் இருக்கலாம். கோஜியில் ஸியாஸாந்தின் என்ற மஞ்சள் நிறமி ஏராளமாக உண்டு, விழித்திரையின் நடுப்பகுதியிலும் அதே நிறமி இருக்கிறது. 2021-ல் கலிபோர்னியாவில் ஆரோக்கியமான நடுவயதினர் சிலர் வாரத்தில் ஐந்து நாள் 28 கிராம் வீதம் மூன்று மாதம் சாப்பிட்டபோது அந்த நிறமியின் அடர்த்தி கூடியது. நிறமி கூடுவது வேறு, புரை கரைவது வேறு. எந்தப் பழமும் கண்புரையைக் கரைக்காது.

“வார்பரின் சாப்பிடுகிறவளுக்குக் கண் அறுவை செய்ய மாட்டார்கள்” என்று நினைத்துத்தான் நீங்கள் கண் மருத்துவரிடமே போகவில்லை. அது தவறான எண்ணம். இன்றைய கண்புரை அறுவையைச் சொட்டு மருந்தால் மரத்துப்போகவைத்து, மிகச் சிறிய கீறலில் செய்துவிடுகிறார்கள். ஐ.என்.ஆர் வரம்புக்குள் இருந்தால் பெரும்பாலும் வார்பரினை நிறுத்தாமலே செய்யலாம். அது நிலையாக இருப்பதற்கும் இந்தப் பானம் விலக வேண்டியிருக்கிறது. ஒரு கண்ணில் பார்வை திடீரென மறைந்தால் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், உடனே அவசரப் பிரிவு.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் வார்பரின் கிளினிக்குக்குப் போன் செய்யுங்கள். கோஜி பானம் எந்தத் தேதியில் தொடங்கியது, எப்போது நின்றது, மறுபடி தொடங்கிவிட்டதா என்று எனக்கு எழுதியதை அப்படியே அங்கே இருக்கும் மருந்தாளரிடம் படித்துக் காட்டுங்கள். திட்ட மாட்டார்கள். இரண்டு மாதமாக அவர்களுக்குப் புரியாத கணக்கு அன்று புரியும், உங்கள் வார்பரின் புத்தகத்தில் அதை எழுதியும் வைப்பார்கள். பானத்தை நிறுத்துங்கள். ஆனால் மாத்திரையை நீங்களாக 4-க்கு ஏற்றாதீர்கள். பானம் மறுபடி தொடங்கியிருந்தால் இன்றைய அளவு எங்கே நிற்கிறது என்று ரத்தத்தைப் பார்த்தால்தான் தெரியும். நிறுத்திய பிறகு சில வாரங்களுக்கு அடிக்கடி பரிசோதனை தேவைப்படும்.

அடுப்படியில் இன்னும் சில பொருட்களைக் கவனியுங்கள். மூலிகை சூப் பாக்கெட்டுகளில் கோஜியோடு டாங் குவேய் வேரும் கிடக்கும். அதுவும் டான்ஷென் என்ற சிவந்த வேரும் வார்பரினோடு மோதுவதாகப் பல ஆண்டுகளாகவே மருத்துவ இதழ்களில் குறிப்புகள் உண்டு. கோஜிப் புதரின் இலையை முட்டையோடு சேர்த்து சூப் வைப்பார்கள். அது பழத்தைப் போல் அல்ல, கீரை. கீரையில் வைட்டமின் கே இருப்பதால் அளவை இறக்கும் பக்கம் இழுக்கும். முருங்கைக் கீரைக்கும் இதே கதைதான். கீரையை விட்டுவிட வேண்டாம், வாரத்துக்கு வாரம் ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிடுங்கள். சிவப்புப் பேரீச்சையைப் பற்றியும் மருந்தாளரிடம் கேட்டுவிட்டே தொடங்குங்கள். கடையில் காப்ஸ்யூலாக வாங்கும் பாரம்பரிய மருந்து என்றால், MAL என்று தொடங்கி T என்ற எழுத்தில் முடியும் அரசுப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண் இருந்தால் பொருள் பதிவானது என்று பொருள், வார்பரினோடு ஒத்துப்போகும் என்று பொருளல்ல. சில்லறையாக நிறுத்துத் தரும் மூலிகைக்கு அந்த எண்ணும் இருக்காது.

ஈறில் ரத்தம் வந்ததால் பல் மருத்துவரையும் பாருங்கள். உலோக வால்வு இருப்பதை நாற்காலியில் உட்காரும் முன்பே சொல்லுங்கள். சில பல் சிகிச்சைகளுக்கு முன்னால் உங்களுக்கு ஆன்டிபயாடிக் தேவை.

மலம் கருத்துத் தார் போல் போனாலோ, சிறுநீர் சிவந்தாலோ, மூக்கில் ரத்தம் பத்து நிமிடம் அழுத்தியும் நிற்காவிட்டாலோ, இதுவரை இல்லாத கடும் தலைவலி வந்தாலோ, தலையில் அடிபட்டாலோ, முகம் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, கை கால் மரத்தாலோ, வால்வின் டிக் டிக் சத்தம் மங்கியதுபோல் தோன்றி மூச்சு வாங்கினாலோ 999-ஐ அழையுங்கள். யாருக்கும் தொந்தரவாக இருக்குமே என்று விடியும்வரை பொறுத்திருக்க வேண்டாம்.

மருமகளிடம் எப்படிச் சொல்வது?

உங்கள் கடிதத்தில் பாதி இதைப் பற்றியதுதான். “என் அம்மாகூட இப்படி என்னைப் பார்த்துக்கொண்டதில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெண்ணைக் காப்பாற்றுவதாக நினைத்து நீங்கள் விஷயத்தை மறைக்கிறீர்கள். ஆனால் நாளைக்கு உங்களுக்கு மூளையில் ரத்தக்கசிவு வந்து, அதற்குப் பிறகு பானம் வெளியே வந்தால், உறவினர்கள் பேசப்போகும் பேச்சை நினைத்துப் பாருங்கள். அவரும் வாழ்நாள் முழுக்கத் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருப்பார். இன்றைக்கு நீங்களே சொல்லிவிட்டால் அது ஒரு மாத்திரைக்கும் ஒரு பழத்துக்கும் நடுவில் உள்ள சிக்கல், அவ்வளவுதான். இதில் குற்றவாளி யாரும் இல்லை. நீங்கள் வார்பரின் சாப்பிடுவது அவருக்குத் தெரியும், ஆனால் இரண்டும் சேரக் கூடாது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை, உங்களிடமும் சொல்லவில்லை.

மகனைத் தூது அனுப்பாமல் நீங்களே சொல்லுங்கள். முடிந்தால் அடுத்த முறை கிளினிக்குக்கு அவரையே அழைத்துப் போங்கள். மருந்தாளர் வாயால் கேட்டால், மாமியார் தன் கைப்பக்குவத்தை ஒதுக்குகிறார் என்ற வருத்தம் அவருக்கு வராது. சீன எழுத்து படிக்கத் தெரிந்தவர் என்றால், சூப் பாக்கெட்டின் பின்பக்கம் உள்ள பட்டியலைப் படித்து எது ஆகும், எது ஆகாது என்று கேட்டு எழுதிக்கொள்ள உங்கள் வீட்டில் அவரைவிடப் பொருத்தமானவர் இல்லை. அவருக்கு நம்பிக்கையான சீன மருத்துவர் இருந்தால் அவரையும் தாராளமாகக் கேட்கட்டும். 2016-ஆம் ஆண்டுப் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்தின்படி பதிவு பெற்றவரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மருந்துப் பட்டியலைக் காட்டி, வார்பரின் என்பதை முதல் வரியிலேயே சொல்ல வேண்டும். பொறுப்புள்ள சீன மருத்துவர் அந்தப் பெயரைக் கேட்டதும் கோஜியை எடுத்துவிடுவார் என்றே நினைக்கிறேன்.

உறவினர்களுக்கு நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டிய கடமை எதுவும் இல்லை. உங்கள் ரத்தப் பரிசோதனை உங்கள் சொந்த விஷயம். யாராவது துருவிக் கேட்டால், மாத்திரை அளவை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொன்னால் போதும், அது பொய்யும் அல்ல.

மருமகள் காலையில் எதையாவது செய்து தரத்தான் செய்வார், அந்தப் பிளாஸ்க் சும்மா இருக்காது. சமையலுக்குப் போடும் அளவில் இஞ்சி தட்டிப் போட்ட வெந்நீரோ, மூலிகைப் பாக்கெட் சேர்க்காத கோழி சூப்போ கேளுங்கள். கண் மருத்துவரிடம் இந்த வாரமே நாள் குறியுங்கள். அன்றைக்குக் கடைசியாக எடுத்த ஐ.என்.ஆர் சீட்டும் வார்பரின் புத்தகமும் கையில் இருக்கட்டும். கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பார்கள், சில மணி நேரம் பார்வை கூசும், அதனால் துணைக்கு மருமகளையே அழைத்துப் போங்கள்.